இரட்டைக் கோடு

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே புழுக்கம். லேசாகப் புகைமூட்டம். வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷனுக்கு நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை, சலவைத்தூள், அம்மாவின் முட்டிக்கு எண்ணெய், குணாவுக்குக் கீபோர்ட் (போன மாதமே வாக்குக் கொடுத்தது).

எறும்பு சனி ஞாயிறு முழுக்க ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெளியில் சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள், இங்கே எழுதிக்கொள்ளலாம். எறும்பு நான் எழுதிய சாஃப்ட்வேர். ஐந்து வருட உழைப்பு. ஒரு பெரிய கணக்கைப் பொடிப்பொடியாக உடைத்து, ஊரில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு அனுப்பி, விடைகளை வாங்கி ஒட்டிக் கொடுக்கும். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய மெஷின் கிடையாது. அதற்குப் பதில் நான் இருக்கிறேன்.

இன்று வேலைக்கு வந்தவர்கள்:
மாணவர் லேப் – 60
பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் சென்டர் – 12
கிள்ளான் சர்ச் ஹால் – 4
அம்பாங் பல் கிளினிக் – 3
சாலாக் செலாத்தான் கார் வொர்க்‌ஷாப் – 1 (கீபோர்டெல்லாம் எண்ணெய்க் கறை, ஆனால் ஒரு நாள் லீவு போட்டதில்லை)
கிள்ளான், என் தம்பி குணா – 1

இந்தக் கடைசி ஒன்றுதான் போன வாரமும் முதலிடம். கேம் விளையாட வாங்கிய மெஷின், பகலெல்லாம் எறும்புக்கு. காலை ஏழுக்கே வாட்ஸ்அப்: 'மறுபடி நான்தான் நம்பர் ஒன். உன் லேப் அறுபதும் தூங்குது.' கேக் கடையில் க்ரீம் பூ போடுகிறவனுக்கு வாய்க்கொழுப்பு. வாயால் பேசாதவனுக்கு விரல்கொழுப்பு என்று எழுதவேண்டுமோ.

குணாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் இப்போது செய்கிற ஆராய்ச்சியும் அதுதான்: பிறவியிலேயே காது கேளாமல் போவதற்கு எந்த மரபணு காரணம் என்று குடும்பம் குடும்பமாகத் தேடுவது. 151 குடும்பங்கள். இதுவரை எறும்பு தின்றதெல்லாம் வெளிநாட்டு டேட்டா. நம்ம ஊர்க் குடும்பங்கள் இதுதான் முதல் முறை. வெளியே போவது எண்கள் மட்டும், பெயர் இல்லை, ஊர் இல்லை.

நம் வீட்டை ஏன் சேர்க்கவில்லை என்று குணா இரண்டு தடவை கேட்டுவிட்டான். ஆபீஸ் விதி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்படி ஒரு விதி கிடையாது.

முடிவு: 142 குடும்பங்கள் சுத்தமாக முடிந்தன. 9 ஒதுக்கப்பட்டுவிட்டன. காரணம் என்று எறும்பு சொல்வது: 'உறவுப் பதிவில் பிழை.' ஒன்பதும் கிள்ளான். ஒன்பதும் எங்கள் நர்ஸ் சிஸ்டர் ஸ்டெல்லா வீடு வீடாகப் போய் எழுதி வந்தவை. போன வாரம் ஒரு முறை ஓட்டியபோதும் இதே ஒன்பதுதான் தள்ளுபடி. சரிபார்க்கச் சொல்லியிருந்தோம்.

டாக்டர் ஹஸ்லினா (இனி டா.ஹ.) ஆராய்ச்சியின் தலைவி. எட்டிப் பார்த்து மலாயில், "எறும்புக்கு ஒரு நாள் லீவு கொடுங்க, பாவம்" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு சொன்னார்: வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடுகிறோம். அதற்குள் வராத குடும்பம் வெளியே.

டா.ஹ.வுக்கு மெயில் அனுப்பினேன்: 'ஸ்டெல்லாவின் எழுத்து அழகு. கவனம்தான் போதவில்லை.'

கறிவேப்பிலை மறந்துபோனது.

8 ஜூலை, செவ்வாய்

காலை மழை. கொமுட்டர் ரயில் அரை மணி தாமதம் என்று ஸ்டெல்லா புலம்பிக்கொண்டே வந்தார். கிள்ளானிலிருந்து, ஒரு கனத்த ஃபைலோடு. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற நர்ஸ். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், நேரத்துக்கு வராத ரயிலைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொள்வார்.

"ஜெயா, நான் எழுதுனது தப்பா, உன் கம்ப்யூட்டர் தப்பா? ஒண்ணு சொல்லு லா."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது சிஸ்டர். கொடுத்ததைத்தான் படிக்கும்."

"அப்ப நான் ஏன் மூணு வீட்ல திட்டு வாங்கிட்டு வரேன்?"

பாக்கியம் அக்கா என்று ஒருவர், இரண்டு பெண்களுக்குக் காது கேட்காது. ஸ்டெல்லா மறுபடி போய், 'அக்கா, உங்க வீட்டுக்காரரு உங்களுக்கு என்ன உறவு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க' என்று கேட்டிருக்கிறார். அதற்கு அந்த அக்கா சொன்னது: "எனக்கு யாரு தாலி கட்டுனான்னு எனக்குத் தெரியாதா? மணவறையில உன் கம்ப்யூட்டரா ஒக்காந்திருந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்தார்.

குடும்ப மரங்கள். ரூலர் வைத்து, பென்சிலில் போட்டு, பேனாவில் எழுதியவை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். காது கேளாதவர் என்றால் உள்ளே கறுப்பு. கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. உலகம் முழுக்க அப்படித்தான் வரைவார்கள், ஸ்டெல்லா ஒன்றைக்கூடத் தவறாக வரையவில்லை.

ஒன்பது தாள். ஒன்பதிலும் இரட்டைக் கோடு. எல்லாம் தாய்மாமனைக் கட்டிய பெண்கள். 31ஆம் எண் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று இரட்டைக் கோடு.

தப்பு எங்கே என்று அப்போதே தெரிந்துவிட்டது. 'பாக்குறேன் சிஸ்டர்' என்று மட்டும் சொன்னேன். கேன்டீனில் தே தாரிக் டீயும் கறிபாப்பும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பாதி கறிபாப்பை வைத்துவிட்டுப் போனார், சாப்பாட்டை மிச்சம் வைக்கிற ஆள் இல்லை.

பிறகு எறும்பின் உள்ளே போய்த் தேடினேன். தேட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 'குடும்பத்தில் சுற்று இருந்தால்: பதிவுப் பிழை. ஒதுக்கு.' ஐந்து வருடத்துக்கு முந்தைய வரி. அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: நிஜ வாழ்க்கையில் இது வராது.

எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர்.

நிஜ வாழ்க்கையில் வராதாம். எழுதின மகராசியின் அம்மா, தன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பியைக் கட்டியவள்.

9 ஜூலை, புதன்

வெயில். பசி இல்லை.

எனக்காகவே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், என்ன நடந்தது என்று.

எறும்பு ஒரு குடும்ப மரத்தைச் சின்னக் குடும்பங்களாக வெட்டும். அப்பா அம்மா பிள்ளைகள் ஒரு துண்டு. ஓரத்தில் இருக்கிற துண்டை முதலில் ஒரு மெஷினுக்கு அனுப்பும், அந்த விடையை வாங்கிப் பக்கத்துத் துண்டுக்குக் கொடுக்கும், அப்படியே நடுவுக்கு வரும். மாமனைக் கட்டிய வீட்டில் ஓரமே கிடையாது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டால்: அம்மா பிறந்த துண்டு, அப்பாவும் பாட்டியும் பிறந்த துண்டு, நானும் குணாவும் பிறந்த துண்டு. மூன்றும் சுற்றி வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் 'நீங்க முதல்ல ஒக்காருங்க', 'இல்ல, நீங்க ஒக்காருங்க' என்று மூன்று பேர் நின்றுகொண்டே இருப்பார்களே, அந்தக் கதை. சோறு ஆறிப்போகும்.

ஐந்து வருடம் முன்பு வெளிநாட்டு டேட்டாவில் மூன்று குடும்பங்கள் இப்படித்தான் நின்றுபோயின. வந்திருந்த நிபுணர் ஒருவர் அதைத் திரையில் போட்டுக் காட்டினார். 'இந்தப் பெண் தன் மாமாவையே கட்டிக்கொண்டாளாம், பதிவு செய்தவர் தூங்கிவிட்டார்' என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சிரித்தேன். அந்த மூன்றும் உண்மையிலேயே எழுத்துப் பிழைதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்று சாயங்காலமே நான் அந்த வரியைப் போட்டுவிட்டேன். அந்தக் குறிப்பையும். குறிப்பை யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானாகப் போய்ச் சொல்லிக்கொண்டது.

பள்ளிக்கூடத்திலிருந்தே இந்த மறைப்பு. அம்மா அப்பாவை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். எல்லார் வீட்டு அம்மாவும் அப்படிக் கூப்பிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. தெரிந்த சொந்தக்காரர்கள் குணாவைப் பார்த்து, 'சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் பொறக்கும்' என்பார்கள், அம்மா காதில் விழுகிற மாதிரி. முப்பத்தெட்டு வருடம் கேட்டாள். அப்பா செத்த வீட்டில்கூட ஒருத்தி சொன்னாள்.

பத்து மணிக்கு டா.ஹ. அறைக்குப் போனேன். உட்காரவில்லை. தப்பு ஸ்டெல்லாவுடையது இல்லை, என்னுடையது என்றேன். குறிப்பையும் காட்டினேன். என் அம்மா அப்பாவைப் பற்றியும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னது, அதுவும் மலாயில்.

அவர் அந்தக் குறிப்பை மறுபடி படித்தார். பிறகு, "அந்த வழக்கம் உங்களில் உண்டா? சட்டப்படி செல்லுமா?" என்றார்.

"செல்லும் டாக்டர். இந்துக்களுக்குச் சட்டத்திலேயே இடம் விட்டிருக்காங்க."

"சட்டத்துக்குத் தெரிஞ்சது உங்க எறும்புக்குத் தெரியலையா?"

அடி அது. வாங்கிக்கொண்டேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. 151இல் அவருக்கு மிகவும் வேண்டியது இந்த ஒன்பதுதானாம். மாமனைக் கட்டிய வீட்டில், பிள்ளைக்கு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் ஒரே மூதாதையின் ஒரே துண்டு வந்து சேரும். காது கேளாத பிள்ளைகளில் அந்த இரட்டைத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும், தேடுகிற இடம் சுருங்கிவிடும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம், எனக்கும் தெரியும். தெரிந்தும் என் வீட்டோடு சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை.

"வெள்ளி ஐந்து மணி. அதை நான் மாத்த முடியாது" என்றார். "ஸ்டெல்லாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே போன் செய்தேன். முழுக்கச் சொன்னேன்.

"ஒரு வாரமா என் கண்ணு போச்சுன்னு நெனைச்சேன் ஜெயா. நேத்து சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போயி டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்."

"மன்னிச்சிருங்க சிஸ்டர்."

"போன்ல வேணாம். நாளைக்குக் கிள்ளானுக்கு வா. பாக்கியம் அக்கா வீட்ல வந்து சொல்லு."

திங்கட்கிழமை அனுப்பிய அந்த மெயிலுக்கு மறுப்பாக இன்னொன்று அனுப்பினேன். நான்கு வரி. எழுத ஒரு மணி நேரம்.

10 ஜூலை, வியாழன்

காலை ஆறரைக்கே ஆபீஸ். புகை இல்லை, வானம் சுத்தம்.

பதினொன்றுக்கு முடித்துவிட்டேன். பீற்றிக்கொள்ள இன்று உரிமை இல்லைதான், ஆனாலும் வேலை அழகாக வந்திருக்கிறது. பந்தியில் நிற்கிற மூவரில் ஒருவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் மற்ற இருவரும் உட்காருவார்கள். அதேதான். சுற்றில் ஒரு ஆளைப் பிடி. அந்த ஆளிடம் அந்த மரபணு மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு வகையாக வைத்து ஒரு முறை ஓட்டு. சுற்று திறந்துகொள்ளும். மூன்று விடையையும் கூட்டு. முடிந்தது.

விலை: ஒரு இரட்டைக் கோடு என்றால் மூன்று மடங்கு வேலை. இரண்டு என்றால் ஒன்பது. 31ஆம் குடும்பத்தின் மூன்று கோட்டுக்கு இருபத்தேழு.

என் 81 மெஷினும் மூச்சுப் பிடித்து ஓடினால் முடிகிற நேரம்: சனி மதியம். பட்டியல் மூடுவது நாளை ஐந்துக்கு. சோதனை ஓட்டம் சரி. ஓட விட்டுவிட்டுக் கிள்ளான் ரயிலைப் பிடித்தேன்.

பாக்கியம் அக்கா வீடு. வாசலில் செருப்பு பத்து ஜோடி. ஸ்டெல்லா என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல தப்பா எழுதுனது நான்தான். சிஸ்டர் எழுதுனது எல்லாம் சரி. நீங்க சொன்னதும் சரி."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ தமிழ்ப் பொண்ணுதானே?"

"ஆமாக்கா."

"நம்ம பழக்கம் உனக்குத் தெரியாதா?"

"எங்கம்மாவும் தாய்மாமனைத்தான் கட்டுனாங்க. என் தம்பிக்கும் காது கேக்காது."

"அடிப்பாவி. பின்ன ஏன்டி அப்படி எழுதுன?"

"வெக்கம்க்கா."

அக்கா உள்ளே போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய பெரிய பெண், காது கேளாதவள், எனக்குச் சைகை வரும் என்று தெரிந்ததும் கேள்வி மேல் கேள்வி. என்ன கணக்கு, எத்தனை மெஷின், ஏன் போதவில்லை. சொன்னேன். அவள் அண்ணன் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறான். ஆறு மெஷின். அவள் எழுந்து போய் அவனைக் கையோடு இழுத்து வந்தாள்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான், சரியா அக்கா? அசைன்மென்ட் பிரின்ட் பண்ண பிள்ளைங்க வருவாங்க" என்றான்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் போய்விட்டது என்று சொல்லவில்லை. "ஒழுங்காப் பேசுன" என்றார்.

அடுத்து குணா. கேக் கடையின் பின்புறம், அவனுடைய மூன்று மணி டீ நேரம். கையெல்லாம் ரோஸ் கலர் க்ரீம். எனக்கு அவன் வைத்த சைகைப் பெயர் மூக்குத்தி, இரண்டு விரலால் மூக்கோரத்தைக் கிள்ளுவான். எறும்புக்கும் அவன்தான் பெயர் வைத்தான், முழங்கையில் விரல்கள் ஊர்கிற மாதிரி. அதைத்தான் நான் சாஃப்ட்வேருக்கே வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி, அந்தக் குறிப்பு. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடைசியாகச் சொன்னேன்: நம் வீட்டைச் சேர்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. நான்தான் பொய் சொன்னேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டான். குணா முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது, கத்தியும் பிரயோஜனமில்லை, கையை ஆட்டியும் பிரயோஜனமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். அழுதேன். அவனுக்குக் கேட்காது என்பதால் தாராளமாகவே அழுதேன்.

திரும்பினான். சைகை: 'எத்தனை மெஷின் வேணும்?'

'எண்பது.'

போனை எடுத்தான். அவனுடைய காது கேளாதோர் சங்கத்து வாட்ஸ்அப் குழு. தமிழ், மலாய், சீனம், எல்லாரும் கலந்த கூட்டம். கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் சைகையில் பேசி அனுப்பினான். என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று எட்டிப் பார்த்தேன். 'என் அக்கா. மண்டைக்கனம் பிடித்தவள். ஆனால் இது நம்ம காது.'

கொமுட்டரில் திரும்பும்போது போனில் மெஷின் பட்டியலைத் திறந்துவைத்திருந்தேன். சுபாங் ஜெயா தாண்டும்போது முதல் புதிய மெஷின். அப்புறம் மூன்று. அப்புறம் ஜெஞ்சாரோமிலிருந்து ஒரே வீட்டில் ஐந்து, யார் வீடு அது, என்ன பண்ணுகிறார்கள் ஐந்து மெஷின் வைத்துக்கொண்டு. பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது மொத்தம் 149. ஆறரைக்கு 173.

இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் போன ஒரு அங்கிள், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். நல்லா இருக்கேன் அங்கிள் என்றேன்.

11 ஜூலை, வெள்ளி

8.00 – ஒன்பதில் நான்கு குடும்பம் முடிந்தது. முடிகிற நேரம் என்று எறும்பு சொல்வது 3.40. போதும், தாராளம்.

10.15 – ஆறு. டியூஷன் சென்டர் மாஸ்டர் போன் செய்து, "நம்ம பன்னெண்டும் ஓடுதா? பசங்கள தொடவே விடல" என்றார்.

12.30 – ஏழு. மதியச் சோறு, நாசி லெமாக், மேசையிலேயே. டா.ஹ. தொழுகைக்குப் போகுமுன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

2.35 – கிள்ளானில் இடி மழையாம். ஸ்டெல்லா போன். "கரன்ட் போச்சு ஜெயா, ஊரே இருட்டு." திரையில் பார்த்தேன், கிள்ளான் மெஷின்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. சர்ச் ஹால் 4. போட்டோஸ்டேட் 6. குணா. சங்கத்து ஆட்களில் பாதிக்கு மேல். 61 போய்விட்டன.

இங்கேதான் எறும்பின் குணம். துண்டு வாங்கிப் போனவன் திரும்பி வராவிட்டால் அதே துண்டை இன்னொருவனுக்குக் கொடுக்கும். அழாது, யாரையும் திட்டாது. அம்பாங் எடுத்துக்கொண்டது. சாலாக் செலாத்தான் வொர்க்‌ஷாப் ஒற்றை ஆளாக ஏழு துண்டு எடுத்தது. ஐந்து வருடம் முன்பு இந்தப் பகுதியையும் நான்தான் எழுதினேன். ஒரே கை, ஒன்று நல்லதாக, ஒன்று கெட்டதாக.

முடிகிற நேரம்: 5.25.

3.30 – எட்டு. மிச்சம் 31ஆம் குடும்பம் மட்டும். இருபத்தேழு மடங்குக்காரர்கள்.

3.50 – மாணவர் லேபுக்கு ஓடினேன். பிராக்டிகல் வகுப்பு, உட்கார்ந்திருந்த முப்பது பேரும் மெஷினைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விரிவுரையாளரிடம் போய்க் கெஞ்சினேன். என் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியதில்லை. அரை மணி நேரம் பாடத்தைப் பலகையில் நடத்திக்கொள்கிறேன் என்றார்.

4.20 – கிள்ளானில் கரன்ட் வந்துவிட்டது. திரும்பி வந்த முதல் மெஷின் யாருடையது என்று எழுதவும் வேண்டுமா. கடையில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறான், மழையில், பட்டனை அமுக்க.

4.44 – மூன்று துண்டு.

4.49 – ஒன்று. குணாவிடம். அவன் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினான், 92 சதவீதம். பிறகு 95. பிறகு அம்மாவின் கால் மட்டும் தெரிகிற போட்டோ.

4.53 – 31 முடிந்தது. ஒன்பதும் உள்ளே. மொத்தம் 151.

பட்டியலை டா.ஹ. மூடியது 5.00.

பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு படம் காட்டினார். 142 குடும்பத்தோடு போட்ட படம்: எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன மேடு, எது எதுவென்று சொல்ல முடியாது. 151 போட்ட படம்: ஒரே இடத்தில், நெட்டுக்குத்தாக ஒரு கொம்பு.

"இன்னும் சரிபார்க்க வேண்டியது இருக்கு. ஆனா எங்கே தேடணும்னு இப்போ தெரியும்" என்றார். ஸ்டெல்லாவுக்கு அவரே போன் போட்டுப் பேசினார். ஸ்பீக்கரில். ஸ்டெல்லா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப என் கோடு எல்லாம் சரிதானே டாக்டர்?"

"ஒவ்வொரு கோடும் சரி, சிஸ்டர்."

அந்தக் குறிப்பை இன்று அழித்தேன். இல்லை, அழிக்கவில்லை. மாற்றி எழுதினேன்: நிஜ வாழ்க்கையில் வரும். எங்கள் வீட்டில் வந்தது. கீழே என் முழுப் பெயர்.

கறிவேப்பிலை வாங்கியாயிற்று. கீபோர்டும்.

13 ஜூலை, ஞாயிறு

கிள்ளான். நல்ல வெயில், மழையில் நனைந்த மெத்தையெல்லாம் வெளியே. அம்மா கோழிக்கறி வைத்திருந்தாள். ஸ்டெல்லா சர்ச் முடிந்து நேராக வந்தார், ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு, ஃபைலோடு. சாப்பிட்டுவிட்டு மேசையைத் துடைத்து, புதுத் தாள் போட்டோம். எங்கள் குடும்பம். சரிபார்க்கிற அடுத்த சுற்றுக்கு. எங்கள் கணக்கை நான் தொடக் கூடாது, டா.ஹ. வேறு ஆளிடம் கொடுப்பார். இது உண்மையிலேயே விதி.

ஸ்டெல்லா ரூலரை என்னிடம் நீட்டினார். "நீயே போடு."

அப்பாவுக்குக் கட்டம். அம்மாவுக்கு வட்டம். நடுவில் ஒரு கோடு, அதன் கீழே இன்னொன்று.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "அது என்ன ரெண்டு கோடு? தப்பாப் போட்டு மறுபடி போட்டியா?"

"இல்லம்மா. சொந்தத்துல கட்டுனா ரெண்டு கோடு போடணும்."

"அசிங்கமா ஏதும் இல்லையே?"

"இல்லம்மா. இந்த ரெண்டு கோடு இருக்கிற வீட்லதான் விடையே கிடைச்சிருக்கு" என்றார் ஸ்டெல்லா.

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மேலே கொண்டுபோய்ப் பாட்டியின் வட்டத்துக்கும் தாத்தாவின் கட்டத்துக்கும் நடுவில் வைத்தாள். அங்கே நான் ஒற்றைக் கோடு போட்டிருந்தேன்.

"அப்ப இங்கயும் ரெண்டு போடு. எங்கம்மாவும் அவங்க மாமனைத்தான் கட்டுனாங்க."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இது எனக்குத் தெரியாது.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட?"

ரூலரை வைத்து இன்னொரு கோடு போட்டேன். கொஞ்சம் கோணல். ஸ்டெல்லா அதைத் திருத்தச் சொல்லவில்லை. என் வட்டம் போட்டேன், வெள்ளை. பக்கத்தில் குணாவின் கட்டம். கறுப்படிக்கப் போனேன், குணா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். உட்கார்ந்து, க்ரீம் பூ போடுகிற அதே நிதானத்தில், ஓரத்திலிருந்து உள்ளே, தன் கட்டத்தைத் தானே கறுப்படித்தான். கோட்டைத் தாண்டவில்லை. ஒரு வெள்ளைப் புள்ளி விடவில்லை. முடித்து ஊதிக் காயவைத்தான்.

முழங்கையில் விரல்களை ஊர விட்டு, புருவத்தை உயர்த்தினான். தாங்குமா?

இரண்டு இரட்டைக் கோடு. ஒன்பது மடங்கு வேலை.

தாங்கும்.